கல் எடுத்த பிறகு

மகளுக்கு நீர்க்கடுப்பு என்று இன்று பார்லி கொதிக்க வைத்தேன். அந்த வாசனையில் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

கூலி உயர்வு கேட்டு அப்பாவும் தோழர்களும் எங்கள் ஊரில் அறுவடையை நிறுத்தியிருந்த சமயம். எனக்குச் சிறுநீர் அடைத்து வயிறு வீங்கியது. பண்ணையில் வண்டி கேட்க முடியாது. அப்பா என்னைத் தோளில் சுமந்து பாபநாசம் வரை ஓடி, பஸ் பிடித்துத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "உள்ள கல்லு அடைச்சிருக்குங்க. எடுத்துடலாம், பயப்படாதீங்க" என்றார்.

கல்லை எடுத்து, பிறகு சிறுநீர் இறங்க வைத்திருந்த குழாயையும் எடுத்த அன்று, பார்லித் தண்ணீராகக் கொடுத்துக் காத்திருந்தார்கள். நான் போய்விட்டு வந்து, "வலிக்கலப்பா" என்றேன்.

அப்பா வார்டு முழுக்கக் கேட்கும்படி, "எம்புள்ள ஒண்ணுக்குப் போயிருச்சுங்க" என்றார். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கைதட்டினார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது கூலி உயர்ந்த சேதியோடு தோழர்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் வாய் திறக்குமுன் அப்பா என் சேதியைச் சொல்லிவிட்டார்.