காடைக்குக் கிடுகு, எனக்குத் தகரம்

தாச்சியில் மணல் வறுபடும் வாசம் தெரியுமா உங்களுக்கு? மா வறுக்கிற வாசம் எல்லாருக்கும் தெரியும். மணல்...? எனக்குத் தெரியும்.

கடல் வந்து எங்கள் கல்முனை வீட்டைக் கொண்டுபோய், வீட்டுத்திட்டம் வரும் வரும் என்று தகரக் கொட்டிலில் வருசங்கள் போய்க்கொண்டிருந்த நேரம். நிவாரணத்தில் கிடைத்த ஒரே தாச்சிச் சட்டி. அதில்தான் என் மனுசன் மணல் வறுத்துக்கொண்டிருந்தார்.

ஆருக்கு? காடைகளுக்கு!

சொறிக்கல்முனையில் வயல் செய்யும் சிநேகிதர் ஒருவர், மனம் ஆறட்டும் என்று இரண்டு சோடி காடை கொடுத்துவிட்டார். அன்றோடு பிடித்தது எனக்கு முசீபத்து.

அதுகள் தரையில் திரிகிற பறவை, கிளையில் ஏறாது. அதனால் காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பதுதான் முக்கியமாம். நான் பாவம் பார்த்துப் பழைய பேப்பர் விரித்தேன்.

"எடு புள்ள அத! வழுக்கினா கால் விரிஞ்சிரும். பொறகு எழும்பாது."

கம்பி வலை போட்டால் பாதம் புண்ணாகுமாம். மரத்தூள் கண்ணுக்குள் போகுமாம். கடைசியில் மாவடிப்பள்ளி வரைக்கும் சைக்கிள் மிதித்து, மில்லில் உமி அள்ளிவந்து, தூசியும் குறுணியும் போகப் புடைத்து, வெயிலில் காயவைத்து விரித்தார். ஈரமும் பேனும் போக வறுத்த மணல் ஒரு தட்டில், அவை புரண்டு குளிக்க. கடை வேலைக்குப் போகமுதல் ஒருக்கால், அசர் தொழுதுவிட்டு ஒருக்கால், உமியில் புறங்கையை வைத்து ஈரம் பார்ப்பார்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தப் புறங்கை என் நெற்றிக்கு வந்ததா? "குளிசை போட்டியா?" என்று தூரத்தில் நின்று ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

நாங்கள் இருந்தது தகரத்துக்குக் கீழே. பகல் பத்து மணிக்கே தலை கொதிக்கும். காடைக் கூட்டுக்கோ மேலே குளுகுளுவென்று தென்னோலைக் கிடுகு! கிடுகு வந்த அன்று கேட்டேவிட்டேன்.

"உங்களுக்கு நான் பொஞ்சாதியா, இதுகள் பொஞ்சாதியா?"

சிரித்தார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கொட்டில் ராத்தா வேறு, "சக்களத்திகளோட எப்பிடிகா சீவிக்கிறாய்?" என்று எட்டிப்பார்த்துக் கேட்பாள்.

காடை வெருண்டால் நேரே மேலே பாயும். கூரை கெட்டியாக இருந்தால் மண்டை அடிபட்டுச் செத்துப்போகும். அதனால் உள்ளே மெத்தென்று துணி கட்டவேண்டும் என்று என் கொட்டன் சாரியைக் கேட்டார். கடலுக்குப் பிறகு எனக்கென்று வந்த முதல் சாரி. "ஏலா" என்றேன். மனுசன் தான் பெருநாளைக்கு உடுக்கும் சாரனைக் கிழித்துக் கட்டினார்.

வெருளுவதென்றால் நானும்தான் வெருண்டேன். தகரத்தில் ஒரு குரும்பை விழுந்தாலும் கடல் வருகிறதென்று வாசலுக்கு ஓடுவேன். எனக்கு ஆர் துணி கட்டினார்?

நாட்டில் சண்டை முடிந்ததென்று ரோட்டில் பட்டாசு கொளுத்தினார்களே, அந்தப் பகல்... எங்கே என்ன வெடிக்கிறது என்று விளங்காமல் வாசல் மரக்கப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை செய்த கடையிலிருந்து இவர் சைக்கிளில் பறந்து வந்தார். "மச்சான்..." என்று வாய் திறந்தேன்.

என்னைத் தாண்டி நேரே கூட்டுக்குப் போனார்.

எல்லாம் உயிரோடு இருந்தன. மேலே பாய்ந்து பாய்ந்து சாரனில் முட்டியிருக்கின்றன. "அல்ஹம்துலில்லாஹ்" என்று அங்கேயே குந்திவிட்டார்.

"நான் இஞ்ச நிக்கிறன். கண்ணுல படல்லியா?"

"நீ வாய் இரிக்கிற ஆள் புள்ள. பயந்தா சொல்லுவாய். அதுகள் சொல்லுமா?"

"சொல்லத்தான் வாயத் திறந்தன். நீங்க நிண்டீங்களா?"

கூட்டுக்குள் கையை விட்டு உமியைச் சரிசெய்தார். அந்தக் கிழமை முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.

இப்போது கல்வீடு. கூரையில் என்ன விழுந்தாலும் கேட்காது. தரையெல்லாம் பளபளவென்று டைல்ஸ். காடைகள் எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டன. தாச்சி மட்டும் அடி தேய்ந்து இன்னும் கிடக்கிறது.

போன மாரியில் குசினி வாசலில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் வீங்கிக் கட்டிலில் கிடந்தேன். மனுசன் கடைத்தெருவுக்குப் போய் றபர் கால்மிதிகளாக வாங்கிவந்து, கட்டிலடியிலிருந்து குசினி வரைக்கும், பிறகு பாத்ரூம் வரைக்கும் விரித்தார். ஒவ்வொன்றிலும் தன் காலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, புறங்கையை வைத்து ஈரம் பார்த்தார்.

"வழுக்கினா கால் விரிஞ்சிரும்," என்றார்.

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். சிரிப்பை அவருக்குக் காட்டக் கூடாதே...

அந்தக் காடைகள் இப்போது இருந்திருக்கவேண்டும். கூட்டோடு தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். பார்த்து அதுகளுக்கு வயிறு எரியட்டும்!