காலித் தூக்கு

மழை பெய்த மறுநாள் எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் என் மாவுக் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. சாக்கடையிலிருந்து அள்ளிப் போட்டதில் பாதி, நான் மாவு ஊற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் கவர்கள். உள்ளே மாவு வெள்ளையாய் ஒட்டியிருந்தது. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி இட்லி மாவு கவரில் கிடையாது என்று.

"ஏவாரத்துக்கு நீயே பூட்டுப் போடுற" என்றார் என் வீட்டுக்காரர்.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். எதற்கும் முதலில் பயம்தான் வரும். திண்டுக்கல்லில் தெருவுக்கு ஒரு மாவுக் கடை. கவர் இல்லையென்றால் யார் வருவார்கள்? பயந்துகொண்டேதான் எவர்சில்வர் தூக்குகள் வாங்கி வைத்தேன். பாத்திரம் கொண்டுவராதவர்களுக்கு அதில் ஊற்றி, "கொண்டாந்து குடுத்துருங்க" என்று அனுப்பினேன்.

முதலில் திருப்பித் தந்தது பின்தெரு டீச்சரம்மா. தூக்கு நிறைய ஆயக்குடிக் கொய்யா. "வெறும் ஏனத்த எப்படித் தர்றது?" என்றார். பூரித்துப்போய், கடையில் நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தேன்.

அதற்குப் பிறகு தூக்கும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அடுத்த தெருக் கடையில் கவரில் வாங்கிப் போனார்கள். என் மாவு பொங்கிப் புளித்துக் கிடந்தது. "பேசாம கவர எடு" என்றார் வீட்டுக்காரர். நான் எடுக்கவில்லை. போய், தூக்கு வாங்கிப்போயிருந்த தையல்கார அக்காவை மடக்கினேன்.

"ஏக்கா, மாவு புளிச்சிருச்சா, இல்ல நாந்தான் புளிச்சுட்டேனா?"

"அட போத்தா! டீச்சரம்மா கொய்யாவக் கொட்டிட்டுப் போயிருச்சு. நான் என்னத்தப் போட்டுத் தர? ஒன் தூக்கு கழுவித் தொடச்சு அம்புட்டு அழகா இருக்கு. வெறுந்தூக்கா நீட்ட வெக்கமா இருக்கு, அதான் வரல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"காலியா வந்தாத்தானக்கா நான் மாவு ஊத்த முடியும்? கொய்யா மேலயா ஊத்துவேன்?"

இதையே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு கதவையும் தயங்கித் தயங்கித்தான் தட்டினேன்.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள். மூடியைத் திறந்தால், அடியில் ஒரு கொத்துக் கருவேப்பிலை.

"ஏக்கா!"

"கை கேக்கலத்தா."

கருவேப்பிலையை எடுத்து வைத்துவிட்டு, தூக்கு நிறைய மாவு ஊற்றினேன். அவளுக்குப் பின்னால் இன்னும் சில தூக்குகள் நின்றன. நாளைக்கு வருவார்களா என்ற பயம் இன்றும் இருக்கிறது. கவர் மட்டும் கடைக்குள் வராது.