ஆண்கள் பாயில் நான் சொன்ன ஜெபக் குறிப்பு

கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லுகிறேன். எனக்குப் பேச்சு கொஞ்சம். எழுத்து அதைவிடக் கொஞ்சம்.

நான் உத்திரமேரூர் - காஞ்சிபுரம் பஸ் டிரைவர். நயா பைசா வந்த வருஷம், அடைமழையில், திருப்புலிவனம் தாண்டி ஏரிக்கரையில் பஸ் வழுக்கியது. ஒரு முன்சக்கரம் கரைக்கு வெளியே தொங்கியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அந்தக் கரை வந்தாலே என் கை நடுங்கும். பின்னால் நாற்பது உயிர். நான் யாரிடமும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிட நினைத்தேன்.

என் மனைவி எஸ்தர் மிஷன் பள்ளி டீச்சர். அவளுக்கும் கவலை உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் பெண்கள் ஒரு பாயிலும் ஆண்கள் ஒரு பாயிலும் உட்கார்ந்து, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக் குறிப்பு சொல்வோம். பள்ளி இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், பயமாயிருக்கிறது என்று அவள் எல்லார் முன்னாலும் அழுவாள். ஜெபிப்பார்கள். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடுவாள். ஆண்கள் பாயில் மழைக்கு ஒரு ஜெபம், விளைச்சலுக்கு ஒரு ஜெபம். அதோடு ஆமென்.

ஒரு ஞாயிறு காலை, நான் தொடாத தட்டை எஸ்தர் பார்த்தாள்.

"ஏரியே ரொம்பிப் போச்சு. இன்னும் மழைக்கே ஜெபம் பண்ணிக்கினு கீறீங்க. மனசுல இன்னா கீதோ அத்த சொல்லுங்க."

அன்று ஆண்கள் பாயில் சொன்னேன். "கரையில வண்டி ஓட்ட என் கை நடுங்குது."

 போஸ்ட்மேன் ஜேக்கப் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு நாய்னா பயம்பா. பத்து வருசமா."

மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று தினமும் பாதி வழியிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஓடுவதாகக் கம்பவுண்டர் சொன்னார். சிரித்துவிட்டோம். அழுதோம். ஜெபித்தோம். வாசலிலிருந்து எஸ்தர் குரல் கொடுத்தாள்.

"பொம்பளைங்க நாங்க எப்பவோ முடிச்சிட்டோம். சோறு ஆறிப்போவுது."

திங்கட்கிழமை காலை புறப்படும் முதல் பஸ்ஸில் ஜேக்கப் ஏறி என் பின்னால் உட்கார்ந்தார். எங்கே என்று கேட்டேன். சும்மா என்றார். கரை வந்தது. கை நடுங்கியது. அவர் மெதுவாக "இயேசுவே" என்றார். நானும் சொன்னேன். கரை முடியுமுன் நடுக்கம் நின்றது. என் பலத்தால் அல்ல.

அதற்குப் பிறகு நடுங்கவில்லை. ஸ்தோத்திரம். ஜேக்கப்புக்கு நாய் பயம் போகவில்லை. அதற்கு இன்னும் ஜெபிக்கிறோம்.

சகோதரர்களே, பயத்தை அடக்கி வைப்பது தைரியம் என்று இருந்தேன். அது தவறு. கர்த்தரிடம் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு பாய் போதாமல் இன்னொன்று வாங்கிவிட்டோம். இடம் இருக்கிறது. வாருங்கள்.