கெட்டி இரும்பும் பின்பக்கக் கதவும்

எழுதப் பழகாதவன் எழுதுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் படிப்போடு பட்டாளத்தில் சேர்ந்தவன் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்தது எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் படுகிறது. ஆனாலும், டேங்கையும் காலாட்படைக்காரர்கள் ஏறிப்போகிற கவச வண்டியையும் ஒப்பிட்டுச் சொல்லும்படி ஒருநாள் மாமியார் வீட்டில் என்னைக் கேட்டார்கள். நான் சேர்ந்தாற்போல அவ்வளவு நேரம் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எழுபதுகளின் கடைசி அது. நான் டேங்க் டிரைவராக இருந்தேன். என் மனைவியின் தம்பி காலாட்படையில் இருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்திருந்தோம். அவனுடைய பட்டாளத்துக்கு ரஷ்யாவிலிருந்து வந்த புது வண்டிகளைக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பி.எம்.பி. என்பார்கள். டேங்க் மாதிரியே சங்கிலிச் சக்கரம், மேலே ஒரு சின்ன பீரங்கி, பின்னால் எட்டு சிப்பாய்கள் உட்கார இடம். மைத்துனனுக்கு அந்த வண்டியின் மேல் பைத்தியமே பிடித்திருந்தது. ஆனால் அவனுடைய சர்வீஸ் காலம் முடிகிற சமயம். திரும்பிப் போனதும், இன்னும் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும்.

மாமியாருக்கு அவன் ஊருக்கு வந்துவிட வேண்டும். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. அங்கே மூட்டை தூக்கினாலும் மகன் கண் முன்னால் இருப்பான் என்பது அவர் கணக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது மைத்துனன் என்னைக் கடற்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"அத்தான், அம்மா இன்னைக்கு உங்ககிட்ட கேப்பா. டேங்க் மாதிரிதான் கெட்டின்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

"நான் எங்கப்பா பேசுதேன்?"

"பேசாத ஆளு சொன்னாத்தான் நம்புவா."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமனார் சங்கு குளிக்கிறவர்; வருஷக் கணக்காக ஆழத்தில் போய்ப் போய்க் காது மந்தமாகிவிட்டது. என் மனைவி சீலா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமியார் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, நீங்க சொல்லுங்க. இவன் ஏறப்போற வண்டி உங்க டேங்க் மாதிரி கெட்டியா? ஆமான்னு நீங்க சொன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா இவன் கையெழுத்துப் போடக் கூடாது. இவன வச்சிக்கிட்டேதான் கேக்கேன்."

மைத்துனன் முந்திக்கொண்டான். "எம்மா, அது தண்ணியில நீந்தும் தெரியுமா? அத்தானோட டேங்க நம்ம கடல்ல எறக்குனா அங்கனயே முங்கிரும்."

"ஏலே, கடல் வேண்டாம்னுதானல பட்டாளத்துக்கு ஓடுன? அங்கன போயும் தண்ணியிலதான் எறங்கப் போறியா?"

"என்னளா சொல்லுதான்?" என்று மாமனார் கேட்டார்.

"ஒம்ம மவன் ஏறப்போற வண்டி நீந்துமாம்!" என்று மாமியார் அவர் காதருகே கத்தினார்.

"அப்ப அது வள்ளம்லா? பட்டாளத்துல வள்ளத்துக்கு என்ன சோலி?"

எல்லோரும் சிரித்தோம். மாமியார் மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கையில் சோறு காய்ந்தது. அந்த வண்டியை ஒருமுறை பயிற்சி மைதானத்தில் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். யாரும் பார்க்காதபோது அதன் பக்கவாட்டில் விரலை மடக்கித் தட்டியும் பார்த்திருக்கிறேன். டேங்கில் தட்டினால் பாறையில் தட்டியதுபோல விரல்தான் வலிக்கும். இதில் சத்தம் கேட்டது.

"கெட்டி இல்ல மாமி," என்றேன். "டேங்குக்கு முன்பக்கம் ஒரு கை அகலத்துக்கு இரும்பு. இதுக்கு ஒரு விரல் அகலம் இருந்தாலே அதிகம். துப்பாக்கிக் குண்டு தாங்கும். பீரங்கிக் குண்டு தாங்காது."

"கேட்டியாலே?" என்றார் மாமியார் மகனிடம்.

அவன் தட்டை நகர்த்தி வைத்தான். "கெடுத்துட்டியளே அத்தான்."

அத்தோடு நிறுத்தியிருந்தால் அது பாதி உண்மைதான். ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விடுவது ஒப்பிடுவது ஆகாது. எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை, மேலே பேசினேன். டேங்குக்குப் பெரிய பீரங்கி, கெட்டி இரும்பு எல்லாம் உண்டு. ஆனால் மூடியை மூடிக்கொண்டால் உள்ளே இருப்பவனுக்குக் கண் போதாது. ஒரு கீற்றுக் கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறோம். பள்ளத்தில் ஒருவன் தோளில் ராக்கெட்டை வைத்துக்கொண்டு பதுங்கியிருந்தால் எங்களுக்குத் தெரியாது. அவனைப் பார்க்கிறவர்கள் அந்த வண்டியிலிருந்து இறங்கி நடக்கிற சிப்பாய்கள்தான். அவர்கள் கூட வராவிட்டால் டேங்க் குருட்டு யானை. டேங்க் கூட வராவிட்டால் அவர்கள் எதிரியின் டேங்குக்கு முன்னால் நிற்க முடியாது. ஒன்று அடிக்கிற வண்டி. இன்னொன்று ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவர்களுக்குத் துணையாக நின்று சுடுகிற வண்டி. எது உசத்தி என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்கு இதைத்தான் சொல்லத் தெரியும்.

மாமியாருக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

"எந்த வண்டி எதுக்குன்னு எனக்கெதுக்கு மாப்ள? அடி விழுந்தா வெளிய எப்படி வாரது? தூக்கி விட யாரு இருக்கா?"

எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்க ஆழத்தில் இறங்குகிறவனின் கயிற்றைப் பெரும்பாலும் அவன் மனைவியின் சகோதரன்தான் மேலே தோணியில் இருந்து பிடிப்பான். தன்னுடன் பிறந்தவளின் தாலிக்காகவாவது கயிற்றை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. மாமனாருக்கு அத்தனை வருஷமும் கயிறு பிடித்தது மாமியாரின் அண்ணன். ஆகையால் மாமியார் கேட்டது இரும்பைவிடப் பெரிய கேள்விதான் என்று எனக்குப் புரிந்தது.

"அந்த வண்டிக்குப் பின்னால ரெண்டு கதவு இருக்கு மாமி. எட்டுப் பேரும் முதுகோட முதுகு ஒட்டி உட்கார்ந்திருப்பாங்க. கதவத் தள்ளுனா நேரா தரையிலதான் கால் வைக்கணும். யாரும் தூக்கிவிட வேண்டாம். ஆனா அந்தக் கதவுக்குள்ளயே டீசலும் ஊத்தி வச்சிருக்கான். அதையும் சொல்லிருதேன்."

"சண்டைக்குப் போகும்போது அதக் காலி பண்ணிருவோம்," என்றான் மைத்துனன் அவசரமாக.

"டேங்குல?" என்றார் மாமியார்.

"டேங்குல மூணு பேர் மேல இருக்காங்க. மேல் மூடியத் தொறந்து குதிச்சிரலாம். டிரைவர் முன்னால கீழ தனியா இருப்பான். அவன் தலைக்கு நேரா ஒரு மூடி. பீரங்கி அதுக்கு மேல வந்து நின்னுட்டா மூடி தொறக்காது. பீரங்கிக்காரர் திருப்பிவிடணும். உள் வழியாப் பின்னால வரலாம்னாலும், மேல பீரங்கியோட சுத்துற கூண்டு சரியான பக்கம் நிக்கணும்."

நான் உட்காருகிற இடத்தைத்தான் சொல்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல், ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் குழம்புக் கரண்டியின் சத்தம் நின்றிருப்பது தெரிந்தது.

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "கதவு இருக்குல்லா," என்றார். "நேரா தரையில கால் வைக்கணும்னு சொல்லுதாரு. சரி. கையெழுத்துப் போடுலே." மைத்துனன் நகர்த்தி வைத்த தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டான்.

என் மனைவி கேட்டாள். "அந்தப் பீரங்கியத் திருப்புற ஆளு யாரு?"

"ஒரு பஞ்சாபிக்காரர்."

"கல்யாணம் ஆயிட்டா?"

"ஆயிட்டு. ரெண்டு பிள்ளைங்க."

"நல்ல ஆளா?"

"ரொம்ப நல்ல ஆளு."

"அவருக்கு அடிபட்டுட்டா?"

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். மைத்துனன் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் இருந்தான். கல்யாணமான நாளிலிருந்து, டேங்க் என்றால் கோட்டை மாதிரி, உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அப்படிச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"என்னளா, ஏன் எல்லாரும் பேசாம இருக்கிய?" என்று மாமனார் சத்தமாகக் கேட்டார். யாரும் அவர் காதில் எதையும் சொல்லவில்லை.

அவள் எனக்கு இன்னும் ஒரு துண்டு மீன் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் சாயங்கால ரயிலில் மைத்துனன் பட்டாளத்துக்குக் கிளம்பினான். மாமியாரும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். என் மனைவி தலைவலி என்று வரவில்லை.