அகலமாக வெட்டினேன்

மேனிபோல்டைக் கொண்டுவந்து, "உள்ள கண்ணாடி மாதிரி தேச்சுக் குடுண்ணா" என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். போனில் எதையோ பார்த்துவிட்டு வருகிறார்கள். எனக்குக் கோபம் வரும், திட்டுவேன். திட்டி முடித்ததும் சிரிப்பும் வரும். அந்த வேலையை இந்த ஊரில் முதலில் செய்த முட்டாள் நான்தான்.

மேனிபோல்ட் பெரிய விஷயமில்லை. கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குள் காற்றும் எண்ணெயும் போகிற அலுமினியத் துண்டு. படகின் பின்னால் மாட்டுகிற இரண்டு சிலிண்டர் மண்ணெண்ணெய் எஞ்சினில் அதற்குள் இரண்டு வழிகள் இருக்கும். வார்க்கும்போது உள்ளே மேடும் பள்ளமும் விழும். அதை அரைத்துச் சரிசெய்வதுதான் போர்ட்டிங். பொன்னேரியில் பைக் பைத்தியங்களுக்கு அதைச் செய்துகொடுத்த பட்டறையில் மூன்று வருஷம் இருந்தேன். பிறகு பழவேற்காட்டில் மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் பின்னால் சொந்தக் கடை. தகரக் கூரை, மதியத்தில் ஆளே வெந்துபோவான். ஆனாலும் அந்த நாட்களைப் போல நான் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. கருவாட்டு வாசனையில் மண்ணெண்ணெய் கலந்து எங்காவது வந்தால் இன்றும் நின்றுவிடுகிறேன்.

காற்று எவ்வளவு போகிறது என்று பார்க்க நானே ஒரு கருவி செய்தேன். பழைய சாமான் கடையில் வாங்கிய வாக்குவம் கிளீனர். பலகையில் வளைத்து அடித்த பிளாஸ்டிக் குழாய், அதில் சொட்டுநீலம் கலந்த தண்ணீர், பக்கத்தில் ஒரு ஸ்கேல். வாக்குவம் மேனிபோல்ட் வழியாகக் காற்றை உறிஞ்சும். வழியில் தடை இருந்தால் நீலத் தண்ணீர் மேலே ஏறும். காற்று சுலபமாகப் போனால் கீழேயே நிற்கும்.

என் மனைவியின் அண்ணன் தன் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வந்தார். "மாப்ள, வாயில சரியா இழுக்க மாட்டேங்குது. இன்னானு பாரு."

வாய் என்றால் ஏரி கடலில் சேரும் இடம். அங்கே இரண்டு அலைகளுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் எஞ்சின் உடனே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். மச்சானோடு சேர்த்து அதில் நான்கு பேர் போவார்கள்.

ஒரு வழியில் தண்ணீர் ஒன்பது அங்குலம் ஏறியது, இன்னொன்றில் பதினொன்று. இரண்டு நாள் அரைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். இரண்டிலும் ஐந்துக்கு வந்தது. தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன்.

"என் மூஞ்சே தெரியுது மாப்ள."

"தலைய சீவிக்கோ மச்சான்."

மறுநாள் காலையில் வாயருகே மணல்மேட்டில் நின்று பார்த்தேன். இடைவெளி வந்தது. மச்சான் எஞ்சினை முறுக்கினார். அது புரையேறியவன் மாதிரி இருமியது. மறுபடி இருமியது. பிறகு திடீரென்று இழுத்தது, ஆனால் அதற்குள் அலை வந்துவிட்டது. படகு பாதி தண்ணீரோடு கரைக்குத் திரும்பியது. கூடப் போன ஒருவருக்குக் கை பிசகிவிட்டது.

"இன்னா மாப்ள இது? கடையில பறக்குது, வாயில வந்து படுத்துக்குது!"

"காத்து ரெட்டிப்பா போவுது மச்சான். நானே அளந்து பாத்தேன்."

"அளந்தியா? அத அலைகிட்ட போய்ச் சொல்லு. என் தங்கச்சி தாலிக்காக உன்ன சும்மா வுடறேன்."

கை பிசகியவர் வலியிலும் விடவில்லை. "போன வருஷம் மண்ணு மூடிக் கெடந்த இதே வாய வெட்டித் தொறந்தப்போ இன்னும் அகலம், இன்னும் அகலம்னு கத்துனது யாரு? இவன்தான? இன்னா ஆச்சு? தண்ணி சோம்பேறியா போய் பத்தே நாள்ல மண்ணு மூடிக்கிச்சு. இவன் கையில எது கெடச்சாலும் அகலமா வெட்டிடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு நடந்தேன். நாலடி போனதும் கால் நின்றுவிட்டது. அவர் சொன்னது வாய்க்கு மட்டுமில்லை. வழி அகலமானால் காற்றின் வேகம் குறையும். வேகமில்லாத காற்றால் மண்ணெண்ணெயைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எண்ணெய் அந்த வழவழப்பான சுவரில் வழிந்து உள்ளேயே தேங்கும். முறுக்கினால் எஞ்சினுக்குக் காற்று மட்டும்தான் போய்ச் சேரும். என் வாக்குவம் எப்போதும் முழு வேகத்தில் உறிஞ்சியது. அலைக்காக மெதுவாக ஓடிக் காத்திருக்கிற எஞ்சினை அதற்கு எப்படித் தெரியும்? நாலு பேரைக் கொல்லப் பார்த்துவிட்டு ஸ்கேலைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வெட்டிய அலுமினியம் திரும்பி வராது. செத்துப்போன இன்னொரு எஞ்சினிலிருந்து அதே மாதிரி மேனிபோல்ட் ஒன்று தேடிப் பிடித்தேன். அதிலும் ஒரு வழி ஒன்பது, இன்னொன்று பதினொன்று. இந்த முறை பதினொன்று காட்டிய வழியில் வார்ப்பு மேடுகளையும், கேஸ்கெட் வைத்து எஞ்சினோடு சேரும் இடத்தில் துருத்திய படியையும் மட்டும் எடுத்தேன். மோசமான வழியை நல்ல வழிக்குச் சமமாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். உப்புத்தாளைத் தொடவில்லை. இரண்டிலும் ஒன்பது. யாரையும் கூப்பிட்டுக் காட்டவும் இல்லை.

"இதான் கடைசி மாப்ள. இதுவும் படுத்துக்கிச்சுனா வேற எஞ்சின், வேற மெக்கானிக்."

வாய்க்கு அந்தப் பக்கம், படகில்லாமல் வர முடியாத மணல்திட்டில், கிட்ட நின்று பார்ப்பதற்காக என்னை இறக்கிவிட்டார்கள். அலையைத் தாண்டிவிட்டு உடனே திரும்பி வந்து ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. எஞ்சின் மெதுவாக ஓடியது. அலை போனது. சத்தம் ஒரே மூச்சில் ஏறியது, இருமல் இல்லை. படகின் மூக்கு எழும்பியது, தாண்டியது. நான் மணலில் குதித்தேன்.

அவர்கள் திரும்பவில்லை. படகு சின்னதாகி, புள்ளியாகி, போயே போய்விட்டது. தண்ணீர் பாட்டில் அதிலேயே இருந்தது. மதியம் தாண்டும் வரை வெயிலில் நின்று, எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளாலும் கடலைப் பார்த்துத் திட்டினேன். அப்படி ஒரு ஆனந்தத்தோடு நான் யாரையும் திட்டியதில்லை.

மீனோடு வந்தார்கள். "இன்னா மாப்ள, இங்கயேவா இருக்க?"

"ஒடனே திரும்பி வரேன்னு சொன்னியே மச்சான்!"

"இப்டி ஓடற எஞ்சின எவனாவது பாதியில திருப்புவானா?"