மாமன் மடியில் நான்

கோர்ட்டு எங்கள் கல்யாணத்தைத்தான் ரத்து செய்தது. என் குலசாமியை ரத்து செய்ய எந்த வக்கீலுக்கும் வழி தெரியவில்லை. பிள்ளைக்கு அப்பன் வழிக் கோயிலில்தானே மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும்? அதனால் என் பழைய மாமனார் புதுக்கோட்டையிலிருந்து தாம்பூலத் தட்டோடு பொன்னமராவதிக்கு வந்து நின்றார்.

"மாப்ளே, ஒங்க கருப்பர் கோயில்லதான் வைக்கணும். நீங்களும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

என் மகள் காதுகுத்துக்கு நான் ஒரு எட்டு வந்துவிட்டுப் போக வேண்டுமாம்! பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கோர்ட்டு கொடுத்தபடி மாதத்தில் இரண்டே ஞாயிறு, அதுவும் பூங்கா பெஞ்சில் வைத்து மகளைப் பார்க்கிறவன் ரோஷம் பார்த்தால் ஆகுமா? நாலு பேர் முன்னால் ஒரு தடவையாவது அவளை மடியில் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. போனேன்.

கோயில் வாசலில் ஃபிளெக்ஸ். தாய்மாமன் கறுப்புக் கண்ணாடியோடு ஆள் உயரத்துக்குச் சிரித்தார். அவருடைய நண்பர்கள், நண்பர்களின் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். அப்பனை மட்டும் காணோம். பிள்ளை வானத்திலிருந்து நேராகக் குதித்துவிட்டது போலிருக்கிறது.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அவரோ முந்தின வாரம்தான் துபாயிலிருந்து வந்து இறங்கியவர். மொட்டைத் தலையோடு மகள் அவரைப் பார்த்து வீறிட்டாள்.

"அப்பாகிட்டதான் உக்காருவேன்!" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமன் மடிதான் முறை" என்றது ஒரு கூட்டம். "நல்ல நேரம் போயிருமுங்க" என்றார் ஊசியோடு காத்திருந்த ஆசாரி. கடைசியில் மாமனாரே தீர்ப்புச் சொன்னார்.

"மாமன் மடியில மாப்ள உக்காரட்டும். மாப்ள மடியில பிள்ள உக்காரட்டும். முறையும் கெடாது, பிள்ளையும் அழுகாது."

அட கருப்பா! கோர்ட்டு வாசலில் என்னைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிற மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் மேல் நான், என் மேல் மகள்.

"கொஞ்சம் லேசா உக்காருங்க மாப்ள" என்று முக்கினார். நான் லேசாக உட்காரவில்லை.

முதல் காதில் ஊசி ஏறியதும் மகள் துடித்துப்போனாள். ஆசாரி மறுபக்கம் நகர்ந்தார். அவள் தேம்பிக்கொண்டே என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, அந்தக் காத அடுத்த ஞாயித்துக்கெழம குத்தச் சொல்லு. அப்ப நீ மறுபடியும் வருவேல்ல?"

எனக்கு அடியில் முக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. கோர்ட்டு எனக்குக் கொடுக்காத ஞாயிறு அது.

"வாரேன்த்தா" என்று சொல்லிவிட்டேன்.