மூன்று விசிறிக்காரன்

ஐம்பதை நெருங்கும்போது என் வேலை போனது. வீட்டிலிருந்தே அனிமேஷன் செய்து பிழைக்கலாமென்று, கிராபிக்ஸ் கார்டு வாங்க, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்கு ஓடினேன். நான் நுழைந்த கடைக்காரர் கழுத்தில் இஞ்சு டேப் தொங்கும். எந்தக் கார்டை எடுத்தாலும் முதலில் நீளம் அளப்பார்.

"இது சிப்பு செய்றவங்களோட சொந்த டிசைன் சார், அடக்கமா இருக்கும். அது வேற கம்பெனி, அதே சிப்புக்கு மூணு விசிறி வெச்சது. உங்க கம்ப்யூட்டர் கேபினெட் எவ்ளோ நீளம்?"

"பெருசுதான்பா" என்றேன். அளந்ததே இல்லை. மூன்று விசிறியும் சுற்றினால் போன வேலை திரும்பிவிடும் என்று தோன்றியது; அதையே வாங்கினேன்.

மர்பி டவுனில் இருக்கும் என் வீட்டில் கார்டு இரண்டு விரல் அளவுக்கு உள்ளே போக மறுத்தது. மூச்சிரைக்கத் திரும்பி ஓடினேன். சீல் உடைத்ததை வாங்க மாட்டாராம்.

"நீங்க தடுத்திருக்கலாமே?"

"தடுத்தா பக்கத்துக் கடைக்குப் போயிருப்பீங்கோ சார். அங்க நீளம்கூடக் கேக்க மாட்டாங்கோ." கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி நீட்டினார். "வெச்சிக்கோங்க, அடுத்த தடவைக்கு ஆவும்."

கேபினெட்டை ரம்பத்தால் அறுத்துக் கார்டைச் செருகினேன். விசிறிகள் சுற்றுகின்றன, வேலை வரவில்லை. எனக்கு அடுத்த தடவை உண்டென்று அந்த வருஷம் சொன்ன ஒரே ஆள் அவர்தான். இன்னொரு கார்டு விற்கத்தான் சொன்னாரோ என்னவோ, டேப்பை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை.